பேழை அன்று, துருத்தி!

தலைமை தாங்கி, தம் நாற்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்குவதையும் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா நமசிவாயம் அவர்களே! அவர்தம் இருபுறமும் அணிசெய்து அமர்ந்திருக்கும் ஊர்ப்பெரியோர்களே! நனைந்த சேலைத் தலைப்பை விரித்துப் பிள்ளைகளுக்குக் கூரை வேய்ந்திருக்கும் தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டுக் கடையநல்லூரிலிருந்து வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! குற்றாலத்து அருவியில் குளித்து, தலைகூடத் துவட்டாமல், தமிழிலும் ஒரு முழுக்குப் போட வந்திருக்கும் வெளியூர் விருந்தினர்களே! எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றும் வாய் பேசாத ஒலிபெருக்கியே! உனக்கும் என் வணக்கம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரிப்பதற்கு மூச்சு வேண்டும். அது உங்களிடம் நிறைய இருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று அறியாமலே வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பேச வந்தேன் என்பதைவிட, முறையிட வந்தேன் என்பதே சரி.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மின்னோட்டம் நின்றது. ஆய்க்குடிச் சாலையில் காற்றடித்து மரம் சாய்ந்து கம்பி அறுந்திருக்கிறது. அதனால் இந்த ஒலிபெருக்கி ஊமையாயிற்று. அதற்காக மன்றச் செயலாளர் கலங்குகிறார். நான் கலங்கவில்லை, எனக்குத் தொண்டை இருக்கிறது. ஆனால், அன்பர்களே, அதே கம்பியை நம்பி இன்னோர் உயிர் இருக்கிறது! இங்கிருந்து பத்து மணித்துளி நடை. குற்றாலம் போகும் சாலையில், பொதிகை அறநிலை மருத்துவமனையில், இரண்டாம் கூடத்தில், ஜாஹிரா பீவி என்ற இருபத்திரண்டு அகவைப் பெண் ஒரு மரப்பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். தானாக மூச்சு விட அவளால் இயலாது. அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி. அந்தப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தது மின்னோட்டம். மூன்று மணி முதல் அதை ஓட்டிக்கொண்டிருப்பவை மனிதக் கைகள். மொத்தம் ஒன்பது பேருடைய கைகள்! நானூறு பேர் இங்கே அமர்ந்திருக்க, அங்கே ஒன்பது பேர்! இதுவே என் முறையீடு.

யாரது அங்கே, வேப்பமரத்தடியில்? என்ன சொல்கிறீர்கள்?

"அண்ணாச்சி, நோட்டீசுல தென்றலப் பத்திப் பேசுதியன்னுல்லா போட்டிருந்து!"

போட்டிருந்தது, தம்பி. 'தென்றலின் இன்பம்' என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் தலைப்பிலிருந்து நழுவவில்லை. பொதிகையில் பிறந்து, புளியறைக் கணவாயில் புகுந்து, வயலைத் தடவி, வாழையைக் கிழித்து, உன் வேட்டியைத் தூக்கி விளையாடுகிறதே, அந்தத் தென்றல் எங்கே போய் முடிகிறது என்று எண்ணிப் பார்த்தாயா? உன் மூக்கில் முடிகிறது! நெஞ்சுக்குள் நுழையாத தென்றலால் யாருக்கு என்ன இன்பம்? நெஞ்சு விரிய மறுத்துவிட்டால், வாசலில் வந்து நிற்கும் தென்றலுக்கு வழிவிடுவார் யார்? உட்கார். தென்றலைத்தான் பேசுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஆள் நீளம் இருக்கும். ஒட்டுப்பலகையால் செய்தது. நோயாளியை உள்ளே கிடத்தி மூடினால், தலை மட்டும் வெளியே இருக்கும். கழுத்தைச் சுற்றி மெத்தென்ற பட்டை காற்றுப் புகாமல் அணைத்துக்கொள்ளும். கால்மாட்டில் ஒரு பெரிய தோற்பை. பை விரியும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று பைக்குள் போகிறது. உள்ளே காற்றுக் குறைந்ததும் நோயாளியின் நெஞ்சு தானே விம்முகிறது. விம்மிய நெஞ்சுக்குள் வெளிக்காற்று மூக்கு வழியே தானே நுழைகிறது. பை சுருங்கினால் நெஞ்சு தாழ்கிறது, காற்று வெளியேறுகிறது. அவ்வளவுதான்! கத்தி படவில்லை. கழுத்தில் துளையிடவில்லை. தொண்டையில் குழாய் திணிக்கவில்லை. ஒரு சொட்டுக் குருதி சிந்தவில்லை. வெளியே இருந்தபடியே, மேனியைக் கீறாமல், மூச்சை இரவலாகத் தருகிறது அந்தப் பெட்டி.

எல்லா நோய்க்கும் அது ஆகாது என்கிறார் மருத்துவர் தில்லைநாயகம். எப்போது ஆகும்? நெஞ்சை அசைக்கும் தசைகள் சில நாள் உறங்கிப்போய், பிறகு தாமே விழித்துக்கொள்ளும் நோய்கள் உண்டு. அந்தச் சில நாளைக் கடந்துவிட்டால் ஆள் பிழைத்தான். கடப்பதற்குத் தோணிதான் அந்தப் பெட்டி.

இவ்வளவு எளிய செய்தி. இவ்வளவு இனிய செய்தி. இதை மக்களிடம் சேரவிடாமல் நான்காண்டு தடுத்த ஒருவன் இருக்கிறான். அவனை இந்த மேடையில் காட்டிக்கொடுக்கப் போகிறேன். எங்கே என்று தேடுகிறீர்களா? திரும்பிப் பார்க்காதீர்கள். நேரே பாருங்கள். நான்தான்!

நான்காண்டுக்கு முன் அந்தப் பெட்டி கடல் கடந்து சென்னைக்கு வந்து, சென்னையில் பழசாகி, தொடர்வண்டியில் தென்காசிக்கு வந்து சேர்ந்தது. மருத்துவர் என்னை அழைத்தார். "நம்ம ஊருக்கு வந்திருக்கு. தமிழ்ல ஒரு பேரு வையுங்க. நீங்கதான் சரியான ஆளு" என்றார். ஆங்கிலத்தில் என்ன பெயர் என்றேன். இரும்பு நுரையீரல் என்று பொருள்படச் சொன்னார். பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். இரும்பு எங்கே? பலகை! நுரையீரல் எங்கே? தோற்பை! பொய்ப்பெயர் தமிழுக்கு ஆகாது என்று முழங்கிவிட்டு, நேரே ஐந்தருவிக்குப் போனேன். மூன்று நாள் முழுக்குப் போட்டேன். மூன்று நாள் முழு மூச்சாய்ச் சிந்தித்தேன். மூச்சுக்குச் செந்தமிழில் உயிர்ப்பு என்று பெயர். பெட்டிக்குப் பேழை என்று பெயர். சேர்த்தேன். 'உயிர்ப்புப் பேழை'! அடடா, என்ன ஓசை! எனக்கே மெய்சிலிர்த்தது. அருவியில் நனைந்த குளிரோ என்னவோ.

பலகை எழுத வந்தவர் பெயரை ஒருமுறை படித்தார், மறுமுறை படித்தார். "புலவர் ஐயா, புள்ளி வச்ச 'ப்' ரெண்டு தடவ வருதே, ஒண்ணு கைத்தவறுதலா விழுந்திருக்கும்லா?" என்றார். அது இலக்கணம் என்றேன். தலையை ஆட்டினார். மறுநாள் பலகையைப் பார்த்தால், அவர் எனக்கு உதவி செய்திருந்தார்! 'பு' என்ற எழுத்தையும் அதற்கு முன்னிருந்த ஒற்றையும் எடுத்துவிட்டு, 'உயிர்ப் பேழை' என்று முழ நீள எழுத்தில் தீட்டியிருந்தார். போகட்டும், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். விட்டது என் குற்றம்.

அடுத்த மாதம் புளியறையிலிருந்து நயினார் என்ற சரக்குந்து ஓட்டுநரைக் கொண்டுவந்தார்கள். சோதனைச்சாவடி அருகில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. நஞ்சு முறிக்கும் மருந்தை ஏற்றியாயிற்று. ஆனாலும் இமை சரிந்தது, கழுத்துத் துவண்டது, மூச்சுத் தேய்ந்தது. மருந்து வேலை செய்யும்வரை மூச்சைத் தாங்க வேண்டும். ஒரு நாள் போதும், மிஞ்சினால் இரண்டு நாள். பெட்டியைத் திறந்தார் மருத்துவர். நயினாரின் மனைவி பேராச்சி, வாசலில் தொங்கிய என் பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, என்ன போட்டிருக்கு?"

"உயிர்ப் பேழைன்னு போட்டிருக்கு."

"பேழைன்னா?"

அந்த மனிதர் படித்தவர். படித்தவர் இருந்ததுதான் தீங்காயிற்று. பொருள் சொன்னார்: "பேழைன்னா பொட்டி."

"உயிருக்குப் பொட்டியா? அப்ப உயிரு போனா வைக்குத பொட்டிதான இது!" என்று அலறினாள் பேராச்சி. "எம் மாப்பிள்ள கண்ணு இன்னும் அசையுது. அதுக்குள்ள பொட்டி கொண்டாந்துட்டீயளா?"

மருத்துவர் எவ்வளவோ சொன்னார். யார் கேட்பார்? தூக்கினார்கள். வண்டியில் ஏற்றினார்கள். இலஞ்சி விலக்கைத் தாண்டவில்லை.

அன்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். எனக்குத் தண்ணீர் வேண்டும்.

நன்றி, தம்பி.

நயினாரைக் கொன்றது பாம்பு என்று நீங்கள் சொல்லலாம். பாதிதான் பாம்பு. பாம்பின் பாதிக்கு மருந்து இருந்தது. என் பாதிக்கு இல்லை. அந்தப் பெயருக்கு அஞ்சி, நான்காண்டில் எத்தனை பேர் அந்தக் கூடத்து வாசலோடு திரும்பினார்கள் தெரியுமா? உள்ளே படுக்க வைத்தது ஒரே ஒரு பெண்ணை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த பேருந்தில், அவளும் பாம்புக்கடியோடு நினைவிழந்து கிடந்தாள். நடத்துநர் கொண்டுவந்து சேர்த்தார். தடுப்பதற்கு உற்றார் உறவினர் ஒருவரும் உடன் இல்லை. ஆகவே பிழைத்தாள்! மூன்றாம் நாள் எழுந்து, காப்பி கேட்டு, காப்பியில் இனிப்புப் போதாது என்று செவிலியோடு சண்டையும் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள்.

அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் யார்? பேராச்சி! கணவன் போன பிறகு அதே மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று மாலை என் வீட்டு வாசலுக்கு வந்தாள். 

"புலவர் வீடு இதுதான?"

"ஆமாம்மா."

"பொட்டிக்குப் பேரு வச்சது நீங்கதானா?"

"நான்தான்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "நல்ல பேருதான், அண்ணாச்சி. எனக்குத்தான் வெளங்கல" என்றாள். போய்விட்டாள்.

ஆயிரம் மேடை ஏறியிருக்கிறேன். மாலைகள் விழுந்திருக்கின்றன, கற்களும் விழுந்திருக்கின்றன. அந்த ஐந்து சொல்லைப் போல ஒன்றும் என்மேல் விழுந்ததில்லை. மறுநாளே பலகையைக் கழற்றச் சொன்னேன். பலகை இறங்கியது, பெயர் இறங்கவில்லை! ஊர் வாயில் ஏறிய பெயர் ஏணி வைத்தாலும் இறங்குமா?

இறங்கிய கதையைச் சொல்கிறேன். அது ஒன்பது நாளுக்கு முன் நடந்தது.

கடையநல்லூர் நெசவாளர் துல்கர்னைன் என் நண்பர். அவருடைய மனைவிதான் ஜாஹிரா பீவி. ஒரு காய்ச்சல் வந்து போனது. போன பிறகு கால் விழுந்தது. பிறகு கை விழுந்தது. பிறகு நெஞ்சுக்கு ஏறியது. 'நரம்பு உறங்குகிறது, இரண்டு மூன்று கிழமையில் தானே விழிக்கும், அதுவரை மூச்சைத் தாங்க வேண்டும்' என்றார் மருத்துவர். பெட்டியைத் திறந்தார். ஜாஹிராவின் தாய் சைதூன் பீவி பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகளின் தலையணையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது பள்ளிவாசல் சந்தூக்கு மாதிரில்லா இருக்கு! மையத்தத் தூக்குத பொட்டியில எம் புள்ளைய உசுரோட வைக்கணுமா? துல்கரு, வண்டியக் கூப்புடு. வீட்டுக்குப் போவோம்."

உடனே எனக்கு ஆள் அனுப்பினார் மருத்துவர். எதற்கு? பேசிப் புரியவைக்க! தென்காசி வட்டாரத்தில் என்னைவிடப் பேசத் தெரிந்தவன் உண்டா? ஓடினேன். பேசினேன். கால் மணி நேரம் பேசினேன்! உயிர்ப்பின் உயர்வை உரைத்தேன். காற்றின் கருணையைக் கழறினேன். அறிவியலின் ஆற்றலை அடுக்கினேன். சைதூன் பீவி அமைதியாகக் கேட்டார். கேட்டு முடித்துத் துல்கர்னைனிடம் திரும்பினார். "இவுக யாரு? ஓதிப் பாக்க வந்தவகளா?" என்றார்.

ஆமாம், சிரியுங்கள்! அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் மகளின் இதழ் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

அப்போது வாசலை மறித்தாள் பேராச்சி. துடைப்பத்தைக் குறுக்கே பிடித்தாள். "மதினி, நானும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனேன். இலஞ்சி வெலக்குத் தாண்டல" என்றாள். சைதூன் பீவி நின்றார். நின்றாரே தவிர, மனம் இசையவில்லை.

பெட்டியின் கால்மாட்டில் யாரோ குந்தியிருந்தார். இலஞ்சிக் கொல்லர் சொரிமுத்து. மின்னோட்டம் நின்றால் கையால் இயக்குவதற்கு ஒரு பிடி உண்டு. நான்காண்டு தொடாமல் கிடந்து துருவேறிவிட்டது. அதைச் சரிசெய்ய வந்திருந்தார். எங்கள் கூச்சலில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோற்பையைத் தடவிப் பார்த்தார். பிடியை ஒருமுறை இழுத்து விட்டார். பை புஸ்ஸென்றது.

"ஏ, இது துருத்தில்லா!" என்றார். "இதுக்குப் போயி ஏன் இப்படிச் சத்தம் போடுதிய? எங்க ஒலையில கெடக்கதும் இதுதான். அது தீயை அணைய விடாது. இது ஆளை அணைய விடாது. அவ்வளவுதான?"

துருத்தி!

சைதூன் பீவி திரும்பினார். "துருத்தியா?"

"துருத்திதான் ஆச்சி. வேணும்னா நீங்களே இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். கையை உள்ளே விட்டுக் காற்றின் இழுப்பைத் தொட்டுப் பார்த்தார். கக்கத்தில் இருந்த தலையணையை எடுத்துப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தார். "தல மட்டும்தான வெளிய இருக்கும்? நான் முக்காடு போட்டு விட்டுருதேன். மத்ததெல்லாம் மூடித்தான இருக்கு. எந் துப்பட்டியவிட இந்தத் துப்பட்டி நல்லாத்தான் மூடுது" என்றார்.

மகளை உள்ளே கிடத்தினார்கள். விசையைத் தட்டினார்கள். பத்து மூச்சு. இருபது மூச்சு. இதழின் நீலம் போயிற்று!

தமிழ்ப் பெருமக்களே, இங்கே என் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் அருவியடியில் நான் தேடிய சொல், சொரிமுத்துவின் உலைக்களத்தில் கரி படிந்து கிடந்தது. துருத்தி தமிழில்லையா? தூய தமிழ்! தொன்மைத் தமிழ்! பேழையும் தமிழ்தான். அது ஏட்டில் இருந்த தமிழ். துருத்தி கையில் இருந்த தமிழ். தூய்மை வேண்டும் என்று நாற்பதாண்டாய் மேடைதோறும் முழங்கினேன். இன்றும் முழங்குவேன், அதில் ஒரு மயிரிழையும் மாற்றமில்லை. ஆனால் இன்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறேன். பேராச்சிக்கு விளங்காத தமிழ் எனக்கு எதற்கு? நோயாளியின் வாசலில் தொங்கும் சொல், நோயாளியை உள்ளே அழைக்காவிட்டால் அது எவ்வளவு தூயதாய் இருந்து என்ன பயன்?

என்ன அங்கே கைதட்டல்? தட்டாதீர்கள். மெய்யாகவே சொல்கிறேன், தட்டாதீர்கள். அந்தக் கைகளை எனக்காகச் சேமித்து வையுங்கள். எதற்கென்று சொல்கிறேன்.

நான்கு நாளுக்கு முன் அரைமணி நேரம் மின்னோட்டம் நின்றது. முதல் ஆளாய்ப் பிடியைப் பற்றினேன். எனக்குத் தெரிந்தது ஒரே தாளம், மேடைத் தாளம். மெல்லத் தொடங்குவேன், மேலே ஏறுவேன், ஏற ஏற வேகம், வேகத்தின் உச்சியில் முழக்கம்! அப்படியே பிடியையும் அடித்தேன். பெட்டி விடும்போதுதான் ஜாஹிராவால் பேச முடியும். ஒரு மூச்சுக்கு ஒன்றிரண்டு சொல். கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி… மெதுவா… இது மேடையில்ல… என் நெஞ்சு."

பிடியைத் துல்கர்னைன் வாங்கிக்கொண்டார். "தள்ளுங்க அண்ணாச்சி, நீங்க பேசுதாப்புல அடிச்சா அவ எப்படி மூச்சு விடுவா? தறி ஓட்டுதாப்புல ஓட்டணும். நூலு வச்ச நாடா அங்கன போயி இங்கன வந்து, அங்கன போயி இங்கன வந்துன்னு நாலு ஓட்டம். அதுதான் ஒரு மூச்சு" என்றார். இரண்டு ஓட்டத்துக்கு இழுத்தார். இரண்டு ஓட்டத்துக்கு விட்டார். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணித்துளிக்குப் பதினைந்து. அவர் கேட்டதும் அதுதான்! எந்தக் கல்லூரியில் படித்த கை அது? கடையநல்லூர்த் தறிக்குழியில் படித்த கை! அன்று துல்கர்னைனிடம் நான் மாணவனாய்ச் சேர்ந்தேன். இரண்டு நாளில் தேறினேன். இப்போது ஜாஹிரா என்னைப் பார்த்துக் கண்ணை விரிப்பதில்லை. உறங்கியே விடுகிறாள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரு செயலில் ஒருவர் உறங்கிப்போய் நான் மகிழ்ந்தது அதுதான் முதல் முறை.

நேற்றுக் காலை மருத்துவர் துருத்தியை நிறுத்திப் பார்த்தார். ஒரு மணித்துளி. இரண்டு. மூன்று! மூன்று மணித்துளி ஜாஹிரா தானே மூச்சு விட்டாள்! நரம்பு விழிக்கத் தொடங்கிவிட்டது, நண்பர்களே! நாலாம் மணித்துளியில் நெற்றி வேர்த்தது, மீண்டும் ஓட்டினார்கள். கரை தெரிந்துவிட்டது. கரை தெரிகிற நேரத்தில்தான் இன்று கம்பி அறுந்தது.

கணக்குப் பாருங்கள். சாய்ந்த மரத்தை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்ட நாளை நண்பகல் ஆகும் என்று மின்பணியாளர்கள் சொல்லிவிட்டார்கள். மழையில் நின்றுதான் அவர்களும் உழைக்கிறார்கள், அவர்களை நோகேன். இப்போது மணி ஐந்து. நாளை நண்பகல்வரை பத்தொன்பது மணி நேரம். ஒருவர் கால் மணி நேரம் பிடித்தால்தான் தாளம் தவறாது. ஆக, எழுபத்தாறு முறை. அங்கே இருப்பவர் யார் யார்? துல்கர்னைன், அவருடைய தறித்தோழர் இருவர், சொரிமுத்து, பேராச்சி, மருத்துவர், செவிலியர் இருவர், ஒன்பதாவதாக நான். ஒன்பது பேர் எழுபத்தாறு முறையை எப்படித் தாங்குவார்கள்? கை மரத்துப்போகும். மரத்த கை தாளம் தவறும். ஜாஹிராவிடம் இருப்பது மூன்று மணித்துளி. அதற்குமேல் நான் சொல்ல வேண்டுமா?

தாயே, என்ன கேட்கிறீர்கள்? பெண்கள் வரலாமா என்றா? வரலாமாவா! இந்த நொடியில் பிடியைப் பற்றியிருப்பவளே ஒரு பெண்தான். பேராச்சி! தன் கணவனுக்குக் கிடைக்காத மூச்சை இன்னொருத்தியின் மகளுக்கு இழுத்து இழுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிடி கால்மாட்டில் இருக்கிறது. நடுவே திரை கட்டியிருக்கிறது. ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். 'பெட்டியைத் தொட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும்' என்று எவராவது சொன்னால், நான்கு நாளாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் என்னைக் காட்டுங்கள். நன்றாகப் பாருங்கள். இளைத்திருக்கிறேனா?

தலைவர் ஐயா ஏதோ கேட்கிறார். உரக்கச் சொல்லுங்கள், ஐயா. "எழுபது வயசுக்காரன் கை ஆகுமாவே?" ஆகும், ஐயா! வேகம் வேண்டாத வேலை இது. உங்கள் கைதான் இதற்கு வேண்டும்! செயலாளரே, என் உரையைக் குறிப்பெடுத்தது போதும். அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஐயாவின் பெயரை முதலில் எழுதுங்கள்!

மற்றவர்களே, தாளத்தை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். எல்லாரும் மூச்சை இழுங்கள். மெல்ல. நாடா போகட்டும்… வரட்டும். இப்போது விடுங்கள். நாடா போகட்டும்… வரட்டும். வேப்பமரத்துத் தம்பி, நீ வேகம்! இன்னும் மெதுவாக. இழுங்கள்… விடுங்கள். கேட்கிறதா? நானூறு பேர் மூச்சு விடும் ஓசை! ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கிறது! தம்பி, நீ கேட்ட தென்றல் இதுதான்!

இந்தத் திடலில் எத்தனையோ முறை உங்களை உணர்ச்சியின் உச்சிக்கு அழைத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு வீடு போயிருக்கிறேன். இன்று உச்சி வேண்டாம். உரத்த குரல் வேண்டாம். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எழுபத்தாறு பேர் வேண்டும். நாளைக்கு அல்ல, கூட்டம் முடிந்து அல்ல, இப்போதே வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் குற்றாலம் சாலையில் நடங்கள். வழி தெரியாதவர்கள் இலஞ்சிக் கொல்லர் துருத்தி பழுதுபார்த்த மருத்துவமனை எது என்று கேளுங்கள். பேழை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!

மழையில் நின்று கேட்ட உங்களுக்கு நன்றி. மன்றத்துக்கும் தலைவருக்கும் நன்றி. முடிவில் வணக்கம் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு கைகளைக் கூப்ப வேண்டும். என் கைகளுக்கு ஐந்தேகால் மணிக்கு முறை, பேராச்சி காத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே கூப்பாமல் இறங்குகிறேன்.

எழுந்திருங்கள்!